காப்பித் தோட்டத்துக்கு வரும் குளிர்கால விருந்தாளிகள்

ரயில்வேயில் இருப்புப்பாதைப் பராமரிப்புப் பிரிவில் 37 ஆண்டுகள் வேலை பார்த்து, 2020-ல் ஓய்வு பெற்றவன் நான். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா படித்ததோடு சரி. பறவை சாஸ்திரம் படித்தவன் அல்ல. "சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்களேன்" என்று அன்பர்கள் கேட்கும்போதெல்லாம், "தண்டவாளத்தைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள்?" என்று சொல்லித் தப்பித்து வந்தேன். இந்த முறை தப்பிக்க மனம் வரவில்லை. தண்டவாளத்து ஓரத்தில் எனக்கு அறிமுகமான சில குருவிகளைப் பற்றியும், அவை குளிர்காலத்தில் தங்க வரும் காப்பித் தோட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. காலையில் ஒரு டம்ளர் காப்பி குடிக்காமல் பேப்பரைப் பிரிக்காத நம் குடும்பங்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

1998-ம் வருடம், அக்டோபர் மாதம். கர்நாடகத்தில் சக்லேஷ்பூரிலிருந்து சுப்ரமண்யா ரோடு வரை மலையில் இறங்கும் ரயில் பாதையை மீட்டர் கேஜிலிருந்து அகலப் பாதையாக மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. சுமார் 55 கிலோமீட்டர் தூரம். அதற்குள் 57 சுரங்கங்கள். ஐம்பது அடி போனால் ஒரு அடி இறங்கும் சரிவு. 1979-ல் திறந்த பாதையை 1996-ல் மூடினார்கள். மறுபடி சரக்கு வண்டி ஓட 2006 ஆயிற்று. பயணிகள் வண்டி ஓட 2007 டிசம்பர் ஆயிற்று. அந்தப் பத்து வருடத்தில் பாதி நாள் என் வாசம் தோணிகல் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில்தான்.

ஒரு நாள் இரவு பத்து மணி இருக்கும். மூடுபனி. கொட்டகை வாசலில் எரிந்த விளக்கின் மேல் ஏதோ மோதித் தொப்பென்று விழுந்தது. எங்கள் கீமேன் போய்க் கையில் எடுத்து வந்தார். தருமபுரிப் பக்கத்துக்காரர்.

"சார், இது ஆறு மணிக் குருவி. எங்க ஊர்ப் பக்கம் வரும். காலையில ஆறுக்கும் சாயங்காலம் ஆறுக்கும் கூப்பிடும். எங்கிருந்தோ பறந்து வந்து, வெளக்கப் பார்த்து மயங்கிருச்சு பாவம். வெளக்க அணைச்சிடுங்க, இன்னும் வரும்."

விளக்கை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். மைனாவைவிடச் சற்றுச் சிறியது. முதுகு பச்சை, வயிறு மங்கிய மஞ்சள், கண்ணை மூடிக் கட்டியது போல ஒரு கருப்புப் பட்டை, கழுத்து வெள்ளை, இறக்கையில் நீலம், குட்டை வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. இந்தியில் இதற்கு 'நவ்ரங்' என்று பெயர் வைத்தவர் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார். ஐம்பது, அறுபது கிராம் எடைதான் இருக்கும். ஒரு அட்டைப் பெட்டியில் பழந்துணி போட்டு, மூடியில் ஓட்டை குத்தி, உள்ளே விட்டோம்.

விடிந்ததும் பெட்டியைப் பக்கத்துக் காப்பித் தோட்டத்து வேலி ஓரத்தில் வைத்துத் திறந்தேன். உடனே பறக்கவில்லை. தத்தித் தத்திக் காப்பிச் செடிகளுக்கு அடியில் போய், மட்கிக் கிடந்த சருகை அலகால் ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தது. வீட்டுக்குத் திரும்பியவர் அடுக்களைக்குள் நுழைந்து டப்பாவைத் திறந்து பார்ப்பது போல இருந்தது. அன்று மாலை ஆறு மணி வாக்கில் அந்தச் செடிகளுக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில் கேட்டது. நான் என் வாட்சைப் பார்த்தேன். ஆறடிக்க நாலு நிமிஷம்.

அந்த வாரமே சலீம் அலியின் பறவைப் புத்தகத்தை வாங்கினேன். ஆறு மணிக் குருவி இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரிக்கிறது. மழை ஓய்ந்ததும் தெற்கே புறப்பட்டுத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து குளிர்காலத்தைக் கழிக்கிறது. பயணம் இரவில்தான். டேராடூன் பக்கத்திலிருந்து சக்லேஷ்பூர் நேர்க்கோட்டில் சுமார் 2,000 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் வந்த பிரயாணியை எங்கள் நூறு வாட் விளக்கு கீழே தள்ளியிருக்கிறது.

தோட்டமா, காடா?

காப்பித் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம் போலச் சீராக வெட்டிவிட்ட பச்சைக் கம்பளம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சக்லேஷ்பூர், சிக்கமகளூர், குடகுப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்; வெளியிலிருந்து பார்த்தால் அது காடு. உள்ளே நுழைந்தால்தான் இடுப்பளவிலும் தலையளவிலும் காப்பிச் செடிகள் தெரியும். அதற்கு மேல் கல்யாண முருங்கை போன்ற நடுத்தர மரங்கள். அதற்கும் மேல் அத்தி, பலா, நாவல், வேங்கை, ஈட்டி, ஆல இனங்கள் என்று பழைய காட்டு மரங்கள். மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி. தரையில் கணுக்கால் அளவு சருகு.

இது அழகுக்காகச் செய்தது அல்ல. அராபிகா காப்பி எத்தியோப்பியக் காட்டில் பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்த செடி. நேர் வெயிலை அது அதிகம் தாங்காது. நம் மலைகளில் கொட்டும் மழையில் மண் கரையாமல் இருக்கவும் மேலே மரமும் கீழே சருகும் வேண்டும். பாபா புடன் என்ற சூஃபிப் பெரியவர் பதினேழாம் நூற்றாண்டில் யேமனிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்தக் காலந்தொட்டு நம் நாட்டில் காப்பி பெரும்பாலும் நிழலில்தான் வளர்கிறது. இன்று இந்தியக் காப்பியில் பத்தில் ஏழு பங்கு கர்நாடகத்தில் விளைகிறது. நம் சேர்வராயன் மலையிலும் கீழ்ப் பழனியிலும் நீலகிரியிலும் விளைவதும் நிழல் காப்பிதான்.

மரம் இருந்தால் பூச்சி இருக்கும். பூச்சி இருந்தால் குருவி இருக்கும். இதுதான் முழுக் கணக்கும். வடக்கே பனி விழுந்து பூச்சிகள் அற்றுப்போகும் மாதங்களில் இந்தத் தோட்டங்களில் சாப்பாடு தயாராக இருக்கிறது.

புரட்டாசியில் வரவு, சித்திரையில் பயணம்

வருகிறவர்கள் யார் யார் என்று கொஞ்சம் பார்க்கலாம்.

முதலில் வந்து இறங்குவது கதிர்க்குருவிகள். பறவை நூல்களில் பச்சைக் கதிர்க்குருவி என்று போட்டிருக்கும். ஏழு, எட்டு கிராம் எடை; உள்ளங்கையில் இரண்டு நாணயம் வைத்த கனம். இவற்றில் ஒரு பகுதி சைபீரியாவின் மேற்குப் பக்கத்துக் காடுகளிலும் மத்திய ஆசியாவிலும் கோடையைக் கழித்துவிட்டு வருபவை. நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம். இலையின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணில் படாது. கூர்மையான சின்னக் குரல் மட்டும் மேலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். சதா சர்வ காலமும் இலைக்கு அடியில் புழுவும் பூச்சியும் தேடுவதே இதன் உத்தியோகம்.

திருநெல்வேலி மாவட்டத்து முண்டந்துறைக் காட்டில் மதுசூதன் கட்டி, டிரெவர் பிரைஸ் என்ற ஆய்வாளர்கள் இந்தக் குருவிகளைக் கவனித்து, மழைக்கும் பூச்சிகளின் அளவுக்கும் இவற்றின் குளிர்கால வாழ்வுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1996-ல் எழுதினார்கள். இந்தக் குருவி குளிர்காலத்தில்கூடத் தனக்கென்று சில மரங்களை எல்லையாக வைத்துக்கொண்டு, இன்னொன்று வந்தால் விரட்டும். அடுத்த வருடம் அதே இடத்துக்குத் திரும்பி வருவதும் உண்டு. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் கேங்மேன்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். இத்தனாவது கிலோமீட்டரிலிருந்து இத்தனாவது கிலோமீட்டர் வரை என் 'பீட்' என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு உண்டே, அது போல!

அடுத்து இமயத்திலிருந்து நீலத் தலைப் பூங்குருவி வரும். ஆண் குருவிக்குத் தலை நீலம், வயிறு செம்மஞ்சள். காப்பிச் செடிக்கு மேலே தாழ்ந்த கிளையில் அசையாமல் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு நீண்ட வாலை ரிப்பன் போல அசைத்துக்கொண்டு அரசவால் ஈப்பிடிப்பான் வரும். ஓடைக்கரையில் மஞ்சள் வயிற்றுடன் வாலாட்டிக் குருவி வரும். நமக்கெல்லாம் தெரிந்த மாங்குயிலிலும் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து இறங்குபவை உண்டு. தரைக்கு ஆறு மணிக் குருவி, செடிக்குப் பூங்குருவி, நடு மரத்துக்கு ஈப்பிடிப்பான், உச்சிக்குக் கதிர்க்குருவி என்று ஆளுக்கொரு மாடி. மாடிகள் இருக்கும் வரை குடித்தனங்கள் இருக்கும்.

புரட்டாசியில் வரத் தொடங்குபவை சித்திரை பிறக்கும் வாக்கில் போய்விடும். காப்பிப் பழம் பறிப்பதும் இந்த மாதங்களில்தான். அராபிகா கார்த்திகை, மார்கழியில். ரோபஸ்டா தை, மாசியில். ஆட்கள் கீழே பழம் பறிக்க, மேலே குருவிகள் பூச்சி பறிக்கும். மாசி, பங்குனியில் ஒரு மழை பெய்தால் ஒன்பது, பத்து நாளில் தோட்டம் முழுவதும் வெள்ளையாகப் பூத்து மல்லிகை மணம் வீசும். அந்தப் பூ மழையைப் பார்த்துவிட்டுத்தான் விருந்தாளிகள் விடைபெறுவார்கள்.

நிழலை வெட்டியவர்கள் கண்ட பலன்

காப்பியும் குருவியும் சேர்ந்த கதையை உலகம் கவனிக்க ஆரம்பித்தது அமெரிக்கக் கண்டத்தில். வட அமெரிக்காவில் கோடையைக் கழிக்கும் சின்னக் குருவிகள் பல, மெக்சிகோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் குளிர்காலத்தில் போகின்றன. அங்கேயும் ஒரு காலத்தில் காப்பி நிழலில்தான் வளர்ந்தது. 1970-ல் காப்பித் துரு நோய் பிரேசிலில் தலைகாட்டியது. 1976-ல் மத்திய அமெரிக்காவுக்கும் வந்தது. நிழலும் ஈரமும் நோயை வளர்க்கும் என்ற பயம் ஒரு பக்கம். வெயிலில் நெருக்கி நட்டு உரம் போட்டால் மகசூல் கூடும் என்ற ஆசை ஒரு பக்கம். பல இடங்களில் மரங்களை வெட்டிவிட்டார்கள்.

வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வலசைப் பறவை மையம் 1991-ல் தொடங்கியது. அதை நடத்திய ரஸ்ஸல் கிரீன்பெர்க்கும் அவருடைய குழுவினரும் மெக்சிகோவிலும் குவாதமாலாவிலும் தோட்டம் தோட்டமாகப் பறவைகளை எண்ணினார்கள். பல வகை மரங்கள் கொண்ட நிழல் தோட்டங்களில் காட்டுக்கு அடுத்தபடியாகப் பறவைகள் இருந்தன. வெட்டவெளித் தோட்டங்களில் மிகவும் குறைந்திருந்தன. அதன் பிறகுதான், குறைந்தது 40 சதவீத நிழலும் பல இன மரங்களும் உள்ள தோட்டத்துக் காப்பிக்குத் தனி முத்திரை கொடுக்கும் வழக்கத்தை அந்த மையம் கொண்டுவந்தது.

குருவியால் தோட்டக்காரருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஜமைக்காவில் ஒரு பதில் கிடைத்தது. அங்கே நீல மலையில் சில காப்பிச் செடிகளை வலையால் மூடி, குருவிகள் அண்டாமல் செய்து பார்த்தார்கள். வலைக்குள் இருந்த செடிகளில் பழத்துளைப்பான் வண்டின் சேதம் அதிகமாக இருந்தது. அந்த வண்டைத் தின்ற குருவிகளில் பல, வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வந்தவை. ஒரு தோட்டத்தில் ஓர் எக்டேருக்கு ஆண்டுக்கு 310 டாலர் மதிப்புள்ள காப்பியைக் குருவிகள் காப்பாற்றிக் கொடுத்தன என்று 2010-ல் கணக்கு வெளியிட்டார்கள். அதே பழத்துளைப்பான் 1990-ல் நீலகிரி கூடலூர்ப் பக்கம் நம் நாட்டிலும் கண்டுபிடிக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அராபிகாவின் இன்னொரு எதிரியான தண்டுத் துளைப்பான் வண்டு, வெயில் படும் தண்டைத் தேடித்தான் முட்டையிடும். நிழலைக் கலைத்தால் அதற்குக் கொண்டாட்டம். இதை நம் தோட்டக்காரர்கள் ஆராய்ச்சி இல்லாமலே அறிவார்கள்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காப்பித் தோட்டங்களைப் பற்றியும் 2018-ல் ஒரு விரிவான ஆய்வு வந்தது. காட்டை நம்பி வாழும் 79 இனப் பறவைகள் அந்தத் தோட்டங்களில் இருப்பதாகக் கண்டார்கள். அராபிகாத் தோட்டங்கள் சற்று முன்னணியில் இருந்தாலும், மரம் விட்டு வைத்த ரோபஸ்டாத் தோட்டங்களும் பெரிதும் பின்தங்கவில்லை. ஆக, செடி எது என்பதைவிட மேலே மரம் என்ன என்பதுதான் முக்கியம்.

என் நண்பரின் ஒன்பது ஏக்கர்

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன்.

அந்தக் குருவியை நான் விட்ட வேலிக்குச் சொந்தக்காரர் பிறகு என் நெருங்கிய நண்பரானார். தமிழர்தான். அவருடைய தாத்தா சேலம் மாவட்டத்திலிருந்து ஒரு மேஸ்திரியோடு தோட்ட வேலைக்கு வந்தவர். அப்பா தோட்டத்திலேயே பிறந்தவர். நண்பர் கொஞ்சம் படித்து ஒரு பெரிய எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து, சிறுகச் சிறுகச் சேர்த்து ஒன்பது ஏக்கர் வாங்கினார். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம். தாத்தாவின் கிராமத்தை அவர் பார்த்ததே இல்லை. அவரிடம் ஒரு பழைய சாவி கொடுக்கும் வாட்ச் இருந்தது. ஐப்பசி முதல் பங்குனி வரை அந்தக் குருவி மாலையில் கூப்பிடும்போதுதான் அதற்குச் சாவி கொடுப்பார். "ரேடியோவாவது சில நாள் பேட்டரி இல்லாமல் நிற்கும் சார்" என்பார்.

2021-ல் அவர் காலமானார். 2023 நவம்பரில் அவர் மகன் போன் செய்தார்.

"மாமா, தோட்டத்துல மரம் அளக்கணும். நீங்க வந்து கணக்குப் போட்டுக் கொடுங்க. வியாபாரி சொல்ற கணக்கை நம்ப முடியலை."

போனேன். நாற்பத்தொரு பெரிய காட்டு மரங்களின் மேல் சிவப்புப் பெயின்டில் குறி போட்டு வைத்திருந்தார். அவற்றை எடுத்துவிட்டு சில்வர் ஓக் நட்டு மிளகு ஏற்றுவது, அராபிகா இருக்கும் இடத்தில் ரோபஸ்டா போடுவது என்பது திட்டம். அவர் சொன்ன காரணங்களில் ஒன்றுகூடத் தவறில்லை. காப்பி விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். இந்தச் சமயத்தில் மகசூலைக் கூட்டாவிட்டால் எப்போது கூட்டுவது? 2000-க்குப் பிறகு விலை அதலபாதாளத்தில் விழுந்த வருடங்களில் அப்பா பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்த பிள்ளை அவர். பெரிய மரத்தில் ஏறிக் கிளை கழிக்க ஆள் கிடைப்பதில்லை. அத்தியும் ஆலும் நிழலை அடைத்துக்கொண்டால் செடி காய்க்காது. காட்டு மரத்தை வெட்ட வனத்துறை அனுமதிக்கு அலைய வேண்டும். சில்வர் ஓக்குக்கு அந்த அனுமதி வேண்டியதில்லை, வேண்டும்போது வெட்டி விற்கலாம். நேராக வளரும், மிளகு ஏறும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்த மரம் நம் காப்பி மலைகளில் பரவியதற்கு இந்தச் சட்ட வசதியும் ஒரு காரணம்.

நான் என்ன சொல்ல முடியும்? தண்டவாளத்து ஓரத்தில் பார்வையை மறைக்கும் மரம், சாயக்கூடிய மரம் என்று என் உத்தியோக காலத்தில் எத்தனையோ மரங்களுக்குக் குறி போட்டு வெட்டச் சொன்னவன் நான். அது வண்டியின் பாதுகாப்புக்காக. செய்யாமல் இருந்திருக்க முடியாது. ஆனாலும் பிறருக்கு உபதேசம் செய்யும் யோக்கியதை எனக்குக் குறைவு. டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் அளந்தேன். சுற்றளவில் நாலில் ஒரு பங்கை வர்க்கப்படுத்தி நீளத்தால் பெருக்கும் பழைய கணக்கு. நோட்டில் ஒரு பத்தியில் மரத்தின் எண், அடுத்த பத்தியில் கன அடி, அதற்கடுத்து ரூபாய்.

இரண்டாம் நாள் மாலை ஓடைக்கரை அத்தி மரத்தை அளந்து முடித்து உட்கார்ந்திருந்தோம். சருகுக்குள்ளிருந்து அந்த இரண்டு சுர விசில் கேட்டது. நான் வழக்கம் போல வாட்சைப் பார்த்தேன். அவரும் தன் கையைப் பார்த்தார். அப்பாவின் வாட்ச் அது. சாவி கொடுத்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவரே ஆரம்பித்தார்.

"மாமா, எல்லாத்தையும் எடுத்தா இது போயிடுமா?"

"தரையில சருகு இருந்தா, ஈரம் இருந்தா, மேல நிழல் இருந்தா இருக்கும் தம்பி. எல்லாத்தையும் எடுத்தா இருக்காது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

நோட்டில் நாலாவதாக ஒரு பத்தி போட்டோம். எந்த மரம் உண்மையிலேயே செடியை அமுக்குகிறது, எது ஓடைக் கரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, எதில் மிளகு ஏற்கெனவே நன்றாகக் காய்க்கிறது, எதைக் கிளை கழித்தாலே போதும் என்று ஒவ்வொன்றாக எழுதினோம். விடியும்போது நாற்பத்தொன்று பதினைந்தாக இறங்கியிருந்தது. இருபத்தாறு மரங்களின் சிவப்புக் குறியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார்கள். அத்தி அந்த இருபத்தாறில் ஒன்று. பதினைந்துக்கு அனுமதி வாங்கி அடுத்த கோடையில் வெட்டினார். அவருக்கும் கடன் இருக்கிறது, குழந்தைகள் படிக்கிறார்கள்.

2024 டிசம்பரில் போய் ஒரு நாள் காலை முழுவதும் தோட்டத்தில் நடந்தேன். ஓடைப் பக்கம் குருவிகளின் சத்தத்துக்குக் குறைவில்லை. அத்தி மரத்தில் கதிர்க்குருவி, கீழே சருகில் நம் பழைய நண்பர். மேட்டுப் பக்கம், மரம் எடுத்த இடத்தில் சில்வர் ஓக் கன்றுகள் நெஞ்சளவு நின்றன. முன்பெல்லாம் அங்கே ஒரு கதிர்க்குருவியின் குரல் விடாமல் கேட்கும். அன்று கேட்கவில்லை. ஒரு காலைப் பொழுதை வைத்து முடிவு கட்டுவது இன்ஜினியருக்கு அழகல்ல. சில்வர் ஓக்கும் வளர்ந்து பூத்தால் தேன் குடிக்கக் குருவி வரத்தான் செய்யும். ஆனால் கூட நடந்து வந்த நண்பரின் மகனே சொன்னார்: "இந்தப் பக்கம் ரொம்ப அமைதியா இருக்கு, இல்ல மாமா?"

சைபீரியாவிலிருந்து நாலாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, போன வருடம் தங்கிய மரத்தைத் தேடிய ஏழு கிராம் குருவி அன்று எங்கே போயிருக்கும்? பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருந்தால், அங்கே ஏற்கெனவே எல்லை வைத்திருக்கும் குருவி விரட்டியிருக்கும். ஒரு தோட்டம் என்றால் சமாளித்துக்கொள்ளும். எல்லாத் தோட்டத்திலும் இதே கணக்குப் போட்டால்? 2023-ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, 30,000 பறவை ஆர்வலர்கள் பதிந்த மூன்று கோடிக் குறிப்புகளை வைத்துத் தயாரானது. வெகுதூரம் வலசை வரும் பறவைகள், இங்கேயே இருக்கும் பறவைகளைவிட அதிகமாகக் குறைந்துவருகின்றன என்று அது சொல்கிறது. காரணங்கள் பல இருக்கலாம். நம் கைக்கு எட்டும் காரணம் நம் மலைகளில் உள்ள மரம்.

நாம் என்ன செய்யலாம்?

தோட்டக்காரரை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. நிழலைக் காப்பாற்றுகிறவர் ஏக்கருக்குச் சில மூட்டை குறைவாகத்தான் எடுப்பார். அந்தக் குறைவை அவர் ஒருவரே சுமக்க வேண்டும் என்று குடிக்கிற நாம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. காப்பிக் கொட்டை அரைத்துக் கொடுக்கும் கடையில் பீபெரி எத்தனை, பிளான்டேஷன் எத்தனை, சிக்கரி எத்தனை என்று விசாரிக்கத் தெரிந்தவர்கள் நாம். எந்த மலைக் காப்பி, மரம் உள்ள தோட்டமா என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் தெரிந்துவைத்துக்கொள்வார்; நூறு பேர் கேட்டால் அதற்கு ஒரு விலை ஏற்படும்.

இன்னொன்று, நம் குழந்தைகளுக்காக. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். ஒரு கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று பார்த்ததையும் கேட்டதையும் எழுதினால் போதும். நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் கோலப் போட்டியும் உறியடியும் தொடங்குவதற்கு முன்னால் பிள்ளைகளை மரத்தடியில் நிறுத்தி இதைச் செய்யலாம். தை மாதம் விருந்தாளிகள் எல்லோரும் இங்கேயே இருக்கும் மாதம்.

என் பேத்தி பள்ளியில் "உங்கள் சொந்த ஊர் எது?" என்று எழுதச் சொன்னபோது என்னிடம் வந்து கேட்டாள். அவள் பிறந்தது பெங்களூரில். அவள் அப்பா பிறந்தது ஹாசன் ரயில்வே குவார்ட்டர்ஸில். நான் பிறந்தது கரூர்ப் பக்கம். என்ன சொல்வது என்று யோசித்துவிட்டு, ஆறு மணிக் குருவிக்கு ஊர் எது என்று அவளைக் கேட்டேன். இமயத்தில் பிறக்கிறது, வருடத்தில் பாதி நாள் நம் காப்பித் தோட்டத்தில் இருக்கிறது. அவள் கொஞ்ச நேரம் யோசித்து, "ரெண்டும்தான் தாத்தா. ஆனா ரெண்டு இடத்துலயும் மரம் இருக்கணும்" என்றாள்.

இதைத்தான் நான் இத்தனை பக்கம் எழுதிச் சொல்ல முயன்றேன். அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள்.